பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

என்னோடு படிக்கும் நண்பன் ஒருவன் திருச்செங்கோட்டுக்காரன். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், தாம்பரத்தில் லோக்கல் ரயில் ஏறி, பலகையில் 'சென்னை கடற்கரை' என்று போட்டிருப்பதை நம்பிக் கடைசி ஸ்டேஷன் வரை வந்து இறங்கினான். வெளியே வந்து பார்த்தால் பர்மா பஜார். சார்ஜர், பெல்ட், வாட்ச். எதிரே பழைய சிவப்புக் கட்டடங்கள். திரும்பிப் பார்த்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மதில், மதிலுக்கு மேலே கிரேன். எனக்குப் போன் போட்டான். "டேய், பீச் ஸ்டேஷன்ல பீச் எங்கடா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அது பேரு மட்டும்தான்டா. வேளச்சேரி ட்ரெயின் பிடிச்சு திருவல்லிக்கேணில இறங்கு" என்று வழி சொன்னேன். பொறந்ததிலிருந்து வடசென்னையில் இருக்கிறவன், காலடிப்பேட்டைக்காரன், நான் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஊருக்குப் புதுசாக வந்தவன்தான் கேட்டான்.

போன செமஸ்டரில் ஒரு செமினார். 'துறைமுகமும் நகர வளர்ச்சியும்' தலைப்பு. சென்னையை எடுத்துக்கொண்டேன். நல்ல துறைமுகம் இருந்ததால் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது, கம்பெனி வந்ததால் வியாபாரம் வளர்ந்தது, வியாபாரத்தால் நகரம் வளர்ந்தது என்று மூன்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்து காட்டினேன். பத்துக்கு எட்டு மார்க். பிறகு சும்மா இருக்க முடியாமல் கொஞ்சம் படித்துப் பார்த்தபோது தெரிந்தது, அந்த எட்டில் ஆறையாவது திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று. முதல் அம்புக்குறியே தப்பு.

சென்னையில் துறைமுகமே கிடையாது. அதாவது, முதல் 240 வருஷம் கிடையாது.

1639-ல் பிரான்சிஸ் டே நாயக்கரிடம் அனுமதி வாங்கிய இடம் வெறும் மணல் திட்டு. விரிகுடா இல்லை, ஆழமான கழிமுகம் இல்லை, அலையைத் தடுக்க ஒரு மேடு இல்லை. கூவத்தின் முகத்துவாரம் கப்பல் நுழையும் அளவுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் கரை சேர்ந்தது மசூலாப் படகில். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகை நம் கரையின் அலை தூக்கி மணலில் அறைந்தால் உடைந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். லண்டனில் கட்டிய பெரிய கப்பலில் ஆறு மாதம் பயணம் செய்து வந்த கவர்னரும் கடைசி ஒரு மைலுக்கு நம் ஊர்க் கடலோர மக்கள் கயிற்றால் தைத்த படகை நம்பித்தான் இறங்க வேண்டும். (நனையாமல் இறங்கியவர்கள் குறைவு என்றுதான் அந்தக் காலத்துப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.)

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கரையில் நிற்கவே கப்பல்கள் அஞ்சும். 1746 செப்டம்பரில் கோட்டையைப் பிடித்தார் பிரெஞ்சுத் தளபதி லா புர்தொன்னே. அடுத்த மாதமே அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் சிதறிப்போயின. இங்கிலீஷ்காரனின் பீரங்கி செய்யாததை வங்காள விரிகுடா செய்தது.

அப்படியானால் நல்ல துறைமுகம் பக்கத்தில் எங்குமே இல்லையா என்றால், இருந்தது. வடக்கே பழவேற்காடு. பெரிய ஏரி, கடலுக்கு ஒரு முகத்துவாரம், அலை அடிக்காத தண்ணீர். டச்சுக்காரர்கள் 1613-லேயே அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். என் செமினார்க் கணக்குப்படி பழவேற்காடுதான் இன்றைக்கு ஒரு கோடி பேர் வாழும் நகரமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஏரி இருக்கிறது, டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன, இறால் நன்றாக இருக்கும்.

மெட்ராஸை வளர்த்தது துணி. இங்கே துணி மலிவாகக் கிடைத்தது, அதனால் கம்பெனி வந்தது. நெசவாளர்கள், சாயம் போடுகிறவர்கள், வெளுக்கிறவர்கள், முன்பணம் கொடுக்கும் செட்டியார்கள், இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த துபாஷிகள் எல்லாரையும் வரிச்சலுகை காட்டிக் கோட்டையைச் சுற்றிக் குடியேற்றினார்கள். துணி வெளுத்த இடம் வண்ணாரப்பேட்டை. 1730-களில் நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் என்றே உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. எங்கள் காலடிப்பேட்டையும் அப்படித்தான். கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த 'காலெட் பேட்டை', நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. இப்போது மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் அந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறேன். யாருடைய காலடி என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். துணி ஏற்றுமதி செய்த ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றம்தான் :-)

பட்டியலை இன்னும் நீட்டலாம். 1836-ல் மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ். 1842-ல் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைக்கூட இந்த ஊர் துறைமுகம் இல்லாமலேயே இறக்கிச் சேமித்திருக்கிறது. 1843-ல் பேங்க் ஆஃப் மெட்ராஸ். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் போனார்கள். அவர்கள் கப்பலேறியதும் துறைமுகம் இல்லாத இதே கரையிலிருந்துதான். 1862-ல் ஹைகோர்ட். 1871 கணக்கெடுப்பில் நகரத்து ஜனத்தொகை ஏறக்குறைய 4 லட்சம். இத்தனையும் முடிந்த பிறகுதான் துறைமுகத்துக்கு அடிக்கல். வீடு கட்டிக் குடிவந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகு வாசற்படி வைத்த கதை.

நகரத்தைத் துறைமுகம் உண்டாக்கவில்லை. நகரம்தான், இன்னும் சரியாகச் சொன்னால் நகரத்து வியாபாரிகள்தான், தங்களுக்கு வேண்டும் என்று துறைமுகத்தை உண்டாக்கினார்கள். இதை ஏதோ வரலாற்றுத் தகவலைத் திருத்துகிற மாதிரி சொல்லவில்லை. 'துறைமுகம் ஊரை வளர்த்தது' என்று சொல்லிவிட்டால் அது இயற்கை கொடுத்த வரம் மாதிரி ஆகிவிடுகிறது. வரத்துக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். மனிதர்கள் முடிவெடுத்துப் பணம் போட்டுக் கட்டிய முதலீடு என்றால் கேட்கலாம். பி.காம். படிக்கிறவன் கேட்டே ஆக வேண்டும்: லாபம் யாருக்குப் போனது, செலவு யார் தலையில் விழுந்தது?

கட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீராவிக் கப்பல் வந்துவிட்டது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. பெரிய கப்பல் கம்பெனிகளுக்கு ஒவ்வொரு நாளும் பணம். படகில் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தால், நனைந்தது பாதி காணாமல் போனது பாதி என்றால், பம்பாயோடும் கல்கத்தாவோடும் எப்படிப் போட்டி போடுவது? 1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் கட்டிப் பார்த்தார்கள். 1868, 1872 புயல்கள் அதை ஒருவழி செய்துவிட்டன. பிறகு 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் வைக்க, கடலுக்குள் இரண்டு கை நீட்டிய மாதிரி கல் சுவர்கள் எழும்பத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் 1876–78 பஞ்சம். மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மாதிரி குவிந்து கிடக்க, கிராமங்களிலிருந்து ஜனங்கள் எலும்பும் தோலுமாக நகரத்துக்கு நடந்து வந்தார்கள். 1881-ல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதே வருஷம் நவம்பர் புயல் சுவர்களில் பெரும்பகுதியை இடித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

உருப்படியான துறைமுகமாக ஆக்கியவர் 1904-ல் போர்ட் டிரஸ்ட் சேர்மனாக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கிழக்கே திறந்திருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் வைத்தார். கப்பல்கள் நேராகக் கரையை ஒட்டி நிற்கத் தொடங்கின. இவருடைய ஆபீஸில் 1912 மார்ச்சில் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு கிளார்க் சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன். இரண்டு வருஷம் கழித்து, 1914 மார்ச் 17 அன்று, இதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எங்கள் வகுப்பில் அக்கவுண்டன்ஸி வராது என்று புலம்புகிற எல்லாருக்கும் இந்தத் தகவலைச் சமர்ப்பிக்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருகிறேன்.

பிளஸ் ஒன் காமர்ஸில் முதல் வாரமே சொல்லித் தருவது, ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு என்பது. சென்னைக் கடற்கரையும் இந்த இரட்டைப் பதிவு முறையில்தான் இயங்குகிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் நம் கரையோரம் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திருப்பி. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இது ஓடிக்கொண்டிருக்கும் வரை கரை இருந்த இடத்தில் இருக்கும். போகிற மணலுக்குப் பதில் மணல் வந்துவிடும். நடுவில் கடலுக்குள் ஒரு சுவர் கட்டினால்? தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றுவிடும். வடக்கே இருந்த மணல் வழக்கம்போல் நகர்ந்து போய்விடும், ஆனால் அதன் இடத்துக்கு வர வேண்டியது வராது.

தெற்கே நின்ற மணல்தான் மெரினா. அதற்கு முன்னால் கடல் இன்றைய சாலைக்கு வெகு அருகில் இருந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் சிசிலியில் பார்த்த கடற்கரை நினைவில் 1884-ல் நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். மணல் அதற்குப் பிறகும் சேர்ந்துகொண்டே போனது. ஐஸ் கட்டி இறக்க வசதியாகக் கடலோரம் கட்டிய ஐஸ் ஹவுஸிலிருந்து (இப்போது விவேகானந்தர் இல்லம்) இன்று கடலுக்குச் சில நூறு மீட்டர் நடக்க வேண்டும். சிலைகள், சமாதிகள், பொதுக்கூட்டங்கள், 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம், மாங்காய் பத்தை, எல்லாம் அந்த மணல்மேல்தான்.

வடக்கே வராமல் போன மணலுக்குச் சிலை கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் குப்பங்களில் வயதானவர்களோடு பேசினால் கடலைக் காட்டுவார்கள். "அதோ அலை உடையுது பாரு, அங்க ஒரு தெரு இருந்துச்சு." கட்டுமரம் ஏற்றவும், கரைவலை இழுக்கவும், மீன் காய வைக்கவும், பிள்ளைகள் விளையாடவும் மணல் வேண்டும். அது போனால் தொழிலே போன மாதிரிதான். மிச்சம் போகாமல் இருக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். வளைவு போட்ட இடத்தில் கொஞ்சம் மணல் சேரும். அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்தை அரிக்கத் தொடங்கும். அங்கே ஒரு வளைவு, அதற்கு வடக்கே இன்னொரு குப்பம். கடனை அடைக்கக் கடன் வாங்குவது மாதிரி.

துறைமுகம் கட்டியவர்களுக்கு மணல் நகர்வது தெரியாமல் இல்லை. அவர்கள் கவலை வாயில் தூர்ந்து கப்பல் நுழைய முடியாமல் போய்விடுமோ என்பது. ராயபுரத்துக்கு வடக்கே என்ன ஆகும் என்பது அவர்கள் லெட்ஜரில் இல்லாத கணக்கு. எகனாமிக்ஸில் இதற்கு வெளிப்புறச் செலவு என்று பெயர். ஐந்து மார்க் கேள்வி. எல்லாரும் உதாரணமாகச் சாயப்பட்டறை எழுதுவோம். பக்கத்தில் இருக்கிற கடலை யாரும் எழுதுவதில்லை.

இங்கே நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுச் சோற்றிலும் துறைமுகத்து உப்பு இருக்கிறது. மாமா லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். என் கல்லூரிப் பீஸில் பாதி அவர் கொடுப்பது. 1983-ல் இங்கே கன்டெய்னர் டெர்மினல் வந்திராவிட்டால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலைகள் இந்த அளவுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். இங்கே செய்த கார்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறும் ஊர் இது. மாமாவிடம் இந்த வாதத்தைச் சொன்னபோது, "துறைமுகத்தை மூடிட்டு எல்லாரும் கரைவலை இழுக்கலாங்கறியா?" என்று கேட்டார். இல்லை மாமா. மூடச் சொல்லவில்லை. லாபத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டு நஷ்டப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள் என்கிறேன். ஆடிட்டில் அதற்குப் பெயர் வேறு.

இது பழைய கதை என்றால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். நிலக்கரித் தூசியையும் இரும்புத்தாதுத் தூசியையும் சுவாசித்து நோய்வாய்ப்படுகிறோம் என்று துறைமுகத்தைச் சுற்றி இருந்தவர்கள் போராடி, 2011-ல் ஹைகோர்ட் அந்தச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிலக்கரி எங்கே போனது? 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்கு. வடக்கே. ஏற்கனவே அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த கழிமுகம் அது. 2014-ல் அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். 2017 ஜனவரியில் அதன் வாசலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய படங்கள் எல்லார் போனிலும் வந்தன. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம், 2013 முதல். அதைப் பல மடங்கு பெரிதாக்கும் திட்டத்துக்கு எதிராகப் பழவேற்காட்டு மீனவர்கள் போராட, கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டது.

மறுபடியும் பழவேற்காடு. நானூறு வருஷம் முன்னால் நல்ல துறைமுகம் இருந்தும் நகரமாக ஆகாமல் போன ஊருக்கு, இப்போது நகரத்தின் துறைமுகங்கள் தேடிக்கொண்டு போகின்றன. அங்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அது அரிந்தால் ஏரி ஏரியாக இருக்காது என்று மீனவர்கள் சொல்வதை வளர்ச்சிக்கு எதிரான பேச்சு என்று சிலர் எழுதுகிறார்கள். 140 வருஷமாக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் பேசுகிற பேச்சு அது. புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டிய பிறகு நகரத்தின் கடற்கரை காணாமல் போனதும் எல்லாருக்கும் தெரியும்.

இனி எந்தத் துறைமுகத்துக்கும் ஒரு செங்கல் வைக்கும் முன்னால், வடக்கே எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு கரை போகும், அதற்கு வருஷா வருஷம் யார் பணம் போட்டு மணல் எடுத்துக் கொட்டுவார்கள் என்று திட்டச் செலவிலேயே எழுதட்டும். தேங்கிய மணலைக் குழாய் வழியாக அந்தப் பக்கம் தள்ளும் தொழில்நுட்பம் உலகத்தில் இருக்கிறது. செலவாகும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் திட்டம் லாபம் என்றால் கட்டட்டும். லாபம் இல்லை என்றால், இதுவரை அந்த லாபத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது குப்பத்து ஜனங்கள் என்று அர்த்தம்.

திருச்செங்கோட்டு நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அப்புறம் மெரினாவுக்குப் போனான். மணல்தான் அவனுக்கு ஆச்சரியம். "கடலுக்குப் போறதுக்குள்ள கால் வலிக்குதுடா" என்று நாலைந்து போட்டோ அனுப்பினான். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாயங்காலம் எண்ணூர் விரைவுச் சாலைக்குக் கூட்டிப் போனேன். சாலையை ஒட்டியே கறுப்புப் பாறாங்கற்கள், கல்லில் அறையும் அலை, கல் இடுக்கில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள். கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "இங்க மணலே இல்லையேடா?" என்றான்.

"போன வாரம் போட்டோ எடுத்து அனுப்புனியே, அதுதான்டா" என்றேன்.